அகலமான பேர்த்

நான் பொறாமைப்பட்ட ஆண்களின் வரிசை நீளமானது. அரசாங்கக் கச்சேரியில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் பதவி உயர்ந்தவர்கள், என்னைவிடக் குறைவாக வாசித்து என்னைவிட அதிகமாக அச்சானவர்கள், ஐம்பது தாண்டியும் சீப்பு வாங்குகிறவர்கள். இவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு விதத்தில் என் வழியில் குறுக்கே நின்றவர்கள். ஒருவர் மட்டும் வேறு. அவர் என் வழிக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதுதான் அவர் எனக்குச் செய்த அநியாயம்.

பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால், எங்கேயாவது இருந்து இதை வாசித்துவிட்டு, தன்னால் பத்திரிகையில் இவ்வளவு இடம் அடைபட்டுவிட்டதே என்று வருந்துவார்.

எங்கள் வீடு திருகோணமலையில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. மேல்மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு உண்டு. மகன் வெளிநாடு போன பிறகு மேல்மாடி வெறுமையாகக் கிடந்தது. ‘ஆரையாவது இருத்துவம், வீட்டில மனுசச் சத்தமாவது கேக்கும்’ என்று என் மனைவி பவானிதான் சொன்னாள். வந்து சேர்ந்தவரோ, சத்தமே கேட்காத மனிதர்.

வெளிநாட்டுக் கப்பல்களில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் கிளிவெட்டி. கொண்டு வந்தது ஒரு ட்ரங்குப் பெட்டியும், ஏதோ கப்பலில் கழித்துவிட்ட பாரமான மரக் கதிரையும். அந்தக் கதிரையை இரண்டு பேர் பிடித்துத்தான் மேலே ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் அவர் கீழே வந்து, விறாந்தைக்குள் கால் வைக்காமல் முற்றத்திலேயே நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“சேர், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஐ வில் கீப் அவுட் ஒஃப் யுவர் ஹெயார்.”

தொந்தரவு தரமாட்டேன் என்பதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘உங்கள் தலைமயிருக்குள் வரமாட்டேன்’ என்று அர்த்தம். என் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் வந்து மறைந்திருக்க வசதி இல்லை. அவருக்கோ அறுபது கடந்தும் நெற்றியை மறைக்கிற முடி.

பவானி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அவள் சிரிக்கும் சிரிப்பு உதட்டோடு முடிந்துவிடும். இது வேறு. மூக்கில் தொடங்கும். உடனே புறங்கை மூக்குக்குப் போகும். தோள் குலுங்கும். கடைசியில் மூச்சு முட்டி ஒரு சின்ன ‘ஐயோ’ வரும். அந்த ‘ஐயோ’ வந்தால்தான் சிரிப்பு முழுமை. கலியாணமான புதிதில் அது எனக்கு மட்டும் வந்த சிரிப்பு. பிறகு வீட்டுக் கடன், மகனின் சோதனை, என் கொலஸ்ரரோல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததில் அது எங்கேயோ போய்விட்டது. இத்தனைக்கும் நான் வாரம்தோறும் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன். பவானி அதை அரிசியில் கல் பார்ப்பதுபோல வாசிப்பாள். கல் அகப்பட்டால் மட்டும் வாய் திறப்பாள்.

அந்தச் சிரிப்பு அன்று முற்றத்தில் நின்ற ஒரு அந்நியருக்கு, முழுதாக, ‘ஐயோ’வோடு போனது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே அன்றிலிருந்து என் ஒரே கவலையாகிவிட்டது.

அவர் படி இறங்குவதைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவார். கடைசிப் படியில் ஒருதரம் செருமுவார். செருமலுக்குப் பிறகு கொஞ்சம் பொறுப்பார்; முற்றத்தில் யாரும் இருந்தால் உடுப்பைச் சரிசெய்துகொள்ள அவகாசம். பிறகுதான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போவார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அன்று முழுதும் ஆளைக் காணக் கிடைக்காது. பெற்றோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. ஒருநாள் பவானி கேட்டாள்:

“எங்க நேற்று முழுக்க உங்களைக் காணேல்லை? தம்பி குடும்பம் வந்தது, உங்களையும் சாப்பிடக் கூப்பிட இருந்தனாங்கள்.”

“ஐ மேட் மைசெல்ஃப் ஸ்கெயர்ஸ், மிஸ்.”

கண்ணில் படாமல் இருந்துகொண்டேன் என்று பொருள். ஆனால் ‘ஸ்கெயர்ஸ்’ என்றால் தட்டுப்பாடு. பவானிக்கு அது போதுமாக இருந்தது.

“கடவுளே, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, இப்ப நீங்களும் தட்டுப்பாடே!”

“என்னை எடுக்க வரிசை தேவையில்லை மிஸ்.”

புறங்கை மூக்குக்குப் போனது. நான் விறாந்தையில் அந்த வாரப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு: ‘வரிசையில் ஒரு தேசம்’. அதில் நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்த பகிடிகள் எல்லாம் அந்தக் கணமே புளித்துப்போயின.

அவருக்குத் தெரிந்த ஆங்கில வழக்குகள் ஏராளம். எல்லாமே ஒரே சாதி. பிறர் கால்விரலை மிதிக்காதே, பிறர் பக்கம் சுக்கானைத் திருப்பாதே, வரவேற்பு முடியுமுன் எழுந்து போ. ஆங்கிலேயர் உலகத்தில் பாதியைப் பிடித்து வைத்திருந்துகொண்டே, அடுத்தவர் வழியில் போகாமல் இருப்பதற்கு இத்தனை சொற்களையும் உண்டாக்கியிருக்கிறார்களே என்று நான் ஒருநாள் சொன்னேன். நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன். பவானி, “அது உண்மைதான்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். என் பகிடிகளுக்கு நேரும் கதி அது. உண்மையாகிவிடும்.

நான் அவரைக் கண்காணித்தேன். சொல்ல வெட்கம்தான், ஆனால் ஒரு கிழமை லீவு போட்டே கண்காணித்தேன். பவானியை அவர் நேராகப் பார்க்கிறாரா? இல்லை. பார்வை எப்போதும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் தூணில். அவள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் இறங்கி வருகிறாரா? இல்லை. அந்த நேரத்தில் அவருடைய கதவு சாத்தியிருக்கும். திருட்டே செய்யாத திருடனை எப்படிப் பிடிப்பது? சண்டை பிடிக்கவாவது ஒரு துரும்பு வேண்டுமே. அவர் எனக்குத் துரும்பு தரவில்லை. பின்னேரத்தில் மெல்லிய ரேடியோப் பாட்டைத் தவிர, தலைக்கு மேலே ஒரு சத்தம்கூட இல்லை. அந்தப் பாரக் கதிரை ஒருதரமாவது இழுபட வேண்டாமா? கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் எழுத்து ஓடவில்லை. சத்தம் போடுகிற குடித்தனக்காரர் என்றால் நிம்மதியாக வெறுத்துக்கொண்டு எழுதலாம்.

எங்கள் ஊர் மான்களைப் பற்றித் தெரிந்திருக்கும். கோட்டைப் பக்கம் மட்டும் நிற்காமல் தெருவெல்லாம் திரியும். பவானியின் செவ்வரத்தைப் பூச்செடிமேல் அவற்றுக்குத் தனிப் பிரியம். நான் விளக்குமாற்றோடு துரத்துவேன். ஒழுங்கை முடக்கு வரை ஓடிவிட்டு, நான் உள்ளே போகுமுன் திரும்பி வந்துவிடும். ஒருநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது குசினி யன்னலில் பவானி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு கொம்பன் மான் ஆறுதலாகச் செவ்வரத்தை தின்றுகொண்டிருந்தது. கடைசிப் படியில் அவர், கையில் செருப்போடு, அது தின்று முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். மான் முடித்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அவர் ஒரு படி மேலே ஏறி வழிவிட்டார்.

“பாருங்கோவன்,” என்றாள் பவானி, குரலைத் தாழ்த்தி.

“என்ரை செவ்வரத்தை எண்டு நீ அழுறனீ. இப்ப மட்டும் பாக்கச் சொல்லுறாய்.”

“பூ நாளைக்கும் பூக்கும்.”

நான் துரத்தும்போது அந்தத் தத்துவம் ஒருநாளும் வந்ததில்லை.

பவானி முதலில் அவரை ‘அண்ணை’ என்றாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்ச நாளில் ‘அண்ணை’ போய், வெறும் ‘மேல’ ஆகிவிட்டது. ‘மேல சொன்னது’, ‘மேல இண்டைக்குச் சாப்பிடேல்லைப் போல’. மலைக்கோயில் கோணேசரையும் அவள் மேல என்றுதான் சொல்வாள். இரண்டு பேரில் யாரைச் சொல்கிறாள் என்று சில நேரம் எனக்குக் குழம்பும். தெருமுனை ஓட்டோக்காரரிடம் ஒருநாள் என் வீட்டு வழியைச் சொல்லத் தொடங்கினேன். “ஓ, அந்தக் கப்பல்கார ஐயா இருக்கிற வீட்டுக்குக் கீழ் வீடோ?” என்றார். அந்த வீட்டைக் கட்டிய கடனைப் பாதி ஆயுள் கட்டியவன் நான்.

ஏன் கலியாணம் செய்யவில்லை என்று நான் ஒருதரம் கேட்டேன். கேட்டது அனுதாபத்தால் அல்ல, துப்புத் துலக்க.

“கப்பலுக்குள்ள நடைபாதையெல்லாம் ஒடுக்கம் சேர். ஒராள் வந்தா மற்ற ஆள் சுவரோட ஒட்டி நிக்கோணும். அப்பிடியே ஒட்டி ஒட்டி நிண்டிட்டன்.”

அதில் சோகம் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தூரத்துக்கு அவர் யாரையும் விட்டதில்லை. அதை நினைத்தால் சில வேளை மனம் ஒரு மாதிரியாகும். அவருடைய மேசையில் ஒரு கோப்பைதான் இருக்கும் என்று பவானி சொல்லியிருக்கிறாள்.

வெருகலில் இருந்த பவானியின் அண்ணன் திடீரென்று இறந்துபோனார். செத்தவீடு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, நான் அவளைத் தேற்றினேன். எனக்குத் தெரிந்த தத்துவங்கள் அத்தனையையும் சொல்லித் தேற்றினேன். இந்தியத் தத்துவம் தீர்ந்ததும் கிரேக்கத்துக்குப் போனேன். அவர் கடைசிப் படி வரைக்கும் வந்தார், கும்பிட்டார், ஒன்றும் பேசாமல் ஏறிப்போனார். அவ்வளவுதான் அவருடைய துக்க விசாரிப்பு.

சில நாள் கழித்துப் பவானி கேட்டாள்:

“மேல பின்னேரத்தில ரேடியோ கேக்கிறதில்லைப் பாத்தனீங்களே?”

“கரண்ட் வெட்டுறாங்கள், அதுதான்.”

“அது பற்றறி ரேடியோ.”

“பற்றறிக்கும் தட்டுப்பாடு.”

முப்பத்தொராம் நாள் கிரியைகள் முடித்துத் திரும்பிய அடுத்த பின்னேரம், மேலே மெல்லிய சத்தத்தில் பழைய பாட்டொன்று தொடங்கியது. பவானி துவைத்த உடுப்புகளைக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றவள், அப்படியே நின்று கேட்டாள்.

“பற்றறி இண்டைக்குத்தான் வந்ததோ?” என்றாள் என்னிடம்.

கிரேக்கர்களைப் பற்றி அவள் ஒருநாளும் திரும்பப் பேசியதில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பேர்த் விவகாரம். பவானிக்கு ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. எந்தக் கப்பல் எப்போது வரும், எந்தத் துறையில் கட்டும் என்பதெல்லாம் அவளுடைய மேசையில்தான் முடிவாகும். கப்பல் கட்டும் இடத்துக்குப் பேர்த் என்று பெயர். எங்கள் ஊரில் மீன் விற்கிறவருக்கும் அது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மேலே கொடுத்தனுப்பிய இறால் கறிச் சட்டி, கழுவித் துடைத்து, உள்ளே நாலு தேசிக்காயோடு படியில் திரும்பி இருந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு பவானி முகம் மலர வந்தாள்.

“இஞ்சேருங்கோ, மேல உங்களைப் பற்றி என்ன சொன்னது தெரியுமே?”

“கோணேசரோ?”

“விசர்க் கதை கதையாதேங்கோ. ‘ஐ ஓல்வேய்ஸ் கிவ் சேர் எ வைட் பேர்த்’ எண்டு சொன்னவர். அகலமான பேர்த்! கோதுமைக் கப்பலே பேர்த் கிடையாம வெளியில நங்கூரம் போட்டுக்கொண்டு கிடக்குது. மனுசன் உங்களுக்கு எப்பவும் அகலமாக் குடுக்கிறாராம்.”

நான் எழுதுகோலைக் கீழே வைத்தேன். அந்த வழக்கின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஒருவருக்கு அகலமான பேர்த் கொடுப்பது என்றால், அவர் பக்கமே போகாமல் நல்ல தூரம் விட்டு விலகிப் போவது. கடிக்கிற நாய்க்குக் கொடுப்பது. குடித்துவிட்டுக் கூத்தாடுகிறவனுக்குக் கொடுப்பது.

“ஏன் முகம் கறுக்குது? மரியாதையாத்தானே சொல்லியிருக்கிறார்.”

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அர்த்தத்தைச் சொன்னால், மானுக்கே வழிவிடுகிற மனிதர் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார் என்பது வீட்டில் பதிவாகிவிடும். சொல்லாவிட்டால், எனக்கு அவர் தந்த மரியாதைக்காக என் மனைவி அவருக்கு இன்னொரு சட்டி இறால் அனுப்புவாள். என் ஆங்கிலம் எனக்கு உதவாமல் போன நாட்கள் பல உண்டு. எனக்கெதிராகச் சாட்சி சொன்னது அன்றைக்குத்தான்.

அவரை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மகன் திரும்பி வருகிறான், மேல்மாடி வேண்டும் என்று சொல்வது. மகனுக்கு அந்த எண்ணமே இல்லை. ஆனாலும் பேச்சை நன்றாகத் தயாரித்தேன். நடுவில் ஒரு பகிடிகூட வைத்திருந்தேன். பவானி கடைக்குப் போன பின்னேரம் படியேறினேன். அவர் வந்த பிறகு நான் அந்தப் படியில் ஏறியது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றாமல், வேண்டுமென்றே சத்தமாக ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. என்னைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்து, தன் அறையிலேயே தான் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழிவிட்டார்.

“வாங்கோ சேர், இருங்கோ.”

நான் இருக்கவில்லை. கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் நாலு காலிலும் துணி சுற்றிக் கட்டியிருந்தது. கடுகு மஞ்சள், பச்சைக் கரை. யாழ்ப்பாணம் போனபோது நானே தெரிந்து வாங்கி வந்த சேலை. நானாகத் தெரிந்து வாங்கிய ஒரே சேலை. ‘உங்களுக்கும் கண் இருக்குது’ என்று பவானி அதைக் கட்டிக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. அந்தச் சேலை இந்த ஆளின் அறையில், துண்டு துண்டாக.

“இது எங்க எடுத்தனீங்கள்?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“மிஸ் தந்தவா, சேர்.”

“மிஸ் தன்ரை சேலையை உங்களுக்கு ஏன் தரோணும்?”

அவர் முதன்முதலாக என்னை நேராகப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியாதே? நான் வந்த புதுசிலயே வந்து சொன்னவா. ‘கீழ இவர் எழுதிற ஆள். தலைக்கு மேல கதிரை இழுபட்டா எழுத்து ஓடாது’ எண்டு. பழஞ்சீலை ஒண்டு தாங்கோ, கட்டிவிடுறன் எண்டனான். இதைக் கொண்டந்து தானே கிழிச்சுத் தந்தவா. ‘கட்டிப் பழுதாப் போச்சுது, எறிய மனமில்லாம வச்சிருந்தனான், அவருக்காக எண்டாக் கிழிக்கலாம்’ எண்டவா.” படிப் பக்கம் கையைக் காட்டினார். “செருப்பைக் கழட்டி இறங்கச் சொன்னதும் மிஸ்தான். நீங்கள் எழுதேக்கை கூப்பிட வேண்டாம், கதை குடுக்க வேண்டாம் எண்டும் சொன்னவா. வைட் பேர்த் குடுக்கச் சொல்லிக் கேட்டது அவாதான் சேர். நான் குடுத்தனான், அவ்வளவுதான்.”

தயாரித்து வந்த பேச்சுக்கு இனி வேலை இல்லை. நடுவில் வைத்திருந்த பகிடிக்கும் இல்லை. அந்த வீட்டின் அமைதி முழுவதையும் நான் அவருடைய குணம் என்று எண்ணிப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதில் பாதி என் மனைவியுடையது. அதுவும் எனக்காக. அந்த அமைதியில் குந்தியிருந்துதான் நான் ஒன்றும் எழுதாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்,” என்றேன்.

அவர் என் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு படிக்கட்டைப் பார்த்தார்.

“இல்லைச் சேர். நீங்கள் படியேறி வந்தனீங்கள் எண்டா நான் எங்கயோ குறுக்கால வந்திட்டன். கப்டன் ஸ்ரோர் ரூமுக்கு இறங்கி வந்தா, அடுத்த துறைமுகத்தில பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.”

“ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை. இருங்கோ. உண்மையா இருங்கோ.”

உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் நான் வற்புறுத்த வற்புறுத்த, அவர் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டினார். அதற்குமேல் வற்புறுத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். அந்தக் கிழமையே கிளிவெட்டியில் மருமகனின் வீட்டுக்குப் புறப்பட்டார். கதிரை பாரம் என்று எனக்கே விட்டுவிட்டார். அவரை ஏற்றிய ஓட்டோ ஒழுங்கை முடக்கில் நின்றது. ஏன் என்று எட்டிப் பார்த்தோம். நடுத்தெருவில் ஒரு மான். அது ஆறுதலாகக் கடந்த பிறகுதான் ஓட்டோ நகர்ந்தது. ஓட்டுகிறவரிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பவானிக்கும் தெரியும்.

“என்ன சொன்னனீங்கள் அந்த மனுசனுக்கு?” என்று அன்று மாலை கேட்டாள்.

“ஒண்டும் சொல்லேல்லை.”

“அதுதான். நீங்கள் ஒண்டும் சொல்லாம நிண்டா ஆருக்கும் பயம் பிடிக்கும்.”

இப்போது மேலே ஒரு குடும்பம் இருக்கிறது. நல்லவர்கள். விடியக்காலையில் கிறைண்டர் ஓடும். பிள்ளைகள் பந்தடிப்பார்கள். ஏதாவது பாரமான சாமான் நாள்தோறும் ஒருதரமாவது கீழே விழும். அது என்ன சாமான், ஏன் நாள்தோறும் விழுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவருடைய கதிரையை விறாந்தையில் போட்டுத்தான் எழுதுகிறேன். எப்படி இழுத்தாலும் சத்தம் வராது.

போன மாதம் ஒரு பின்னேரம் பவானி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். கீழே துறைமுகத்தில் ஒரு சீமெந்துக் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. மீன்பிடி வள்ளங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. மனதில் நெடுநாள் கிடந்ததைச் சொல்லிவிடலாம் என்று பட்டது.

“பவானி, அந்த வைட் பேர்த் எண்டது நீ நினைச்ச மாதிரி இல்லை. இடம் குடுக்கிறதில்லை அது. கிட்டப் போகாம விலகிப் போறது.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே தெரியும். இவ்வளவு காலமாக் கப்பல் கந்தோரில குந்தியிருக்கிறன், அது தெரியாதே?”

“பிறகேன் என்னட்ட வந்து அகலமான பேர்த், கோதுமைக் கப்பல் எண்டெல்லாம் சொன்னனீ?”

“நீங்கள் எவ்வளவு நேரத்துக்கு வாயைத் திறவாம இருப்பியள் எண்டு பாக்க.” தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். “இவ்வளவு காலம் இருந்திட்டியள். கெட்டிக்காரன்தான்.”

நான் கதிரைக் காலைப் பார்த்தேன். மஞ்சள் சீலை நிறம் மங்கி, ஓரம் பிசிர் விட்டிருந்தது.

“அப்ப நான் எல்லாரும் விலகிப் போற ஆளோ?”

“விலகிறதிலயும் ரெண்டு விதம் இருக்குது,” என்றாள், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு. “பெரிய கப்பல் வந்தாலும் வள்ளங்கள் விலகும். கடலுக்கடியில தாண்டுபோன கப்பல் கிடந்தாலும் விலகும்.”

“நான் எது?”

பவானி என்னைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது. புறங்கை மேலே போனது. தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்புக்குக் காரணம் அவர் விட்டுப்போன அந்த ‘பேர்த்’ என்ற வார்த்தைதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொறாமை போகாது. ஆனாலும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல், கடைசி வரை காத்திருந்தேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. ‘ஐயோ’ வந்தது.